கேட்டுவிட்டு மாற்றுங்கள்

(கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திறந்த மூல மென்பொருள் ஒன்றின் உரிமத்தை நடுவழியில் மாற்றலாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள். கேட்டதும், இது வழக்கறிஞர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று தோன்றும். ஆனால் 2018 முதல் இந்தத் துறையில் நடந்த பெரிய சண்டைகளை நினைத்துப் பாருங்கள். மோங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச், டெராஃபார்ம், ரெடிஸ் என்று வரிசையாக வரும். எல்லாமே உரிமத்தை மாற்றியதால் மூண்ட சண்டைகள். உங்களில் வேலைக்குப் போகிறவர்களின் அலுவலகத்தில் இவற்றில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். ஆக, இது நம் எல்லோருக்கும் வேண்டிய விஷயம்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமத்தை மாற்றுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. காலம் மாறுகிறது, சட்டம் மாறுகிறது, பழைய உரிமம் சில நேரம் திட்டத்தையே முடக்கிப்போடுகிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, ஒருவர் மறுத்தால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொன்ன திட்டங்கள் மாற்றத்துக்குப் பிறகும் வலுவாக நின்றன. அவற்றைத் தட்டிக் கழித்த திட்டங்கள் தங்கள் சொந்த மனிதர்களையே இழந்தன. இதை நடந்த கதைகளைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

உரிமை யாருடையது?

முதலில் அடிப்படை. ஒருவர் நிரல் எழுதினால், எழுதிய கணத்திலேயே அதன் பதிப்புரிமை உருவாகிவிடுகிறது. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. கதைக்கும் கட்டுரைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு. எழுதியவர் வாழும் காலம் வரைக்கும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும்.

உரிமம் என்பது அந்த உரிமைக்காரர் உலகத்துக்குக் கொடுக்கும் அனுமதி. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி போன்ற உரிமங்கள் கேட்பது குறைவு. என் பெயரை நீக்காதே, இதனால் நஷ்டம் வந்தால் என்னிடம் வராதே என்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஜி.பி.எல். கூடுதலாக ஒன்று கேட்கிறது. உனக்குக் கிடைத்த சுதந்திரத்தை, நீ யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கும் கொடு, மூலநிரலையும் சேர்த்துக் கொடு என்கிறது.

ஒருவரே எழுதிய நிரல் என்றால் சிக்கல் இல்லை. அவர் நாளைக்கே வேறு உரிமத்தில் வெளியிடலாம். ஆனால் திறந்த மூலத் திட்டம் என்பதே பலர் கைபட்டு வளர்வது. ஒருவர் ஒரு பிழையைத் திருத்துவார், இன்னொருவர் ஒரு கோப்பையே எழுதிக் கொடுப்பார், வேறொருவர் நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு வேலை மாறிப் போய்விடுவார். உரிமை அத்தனை பேரிடமும் சிதறிக் கிடக்கும். நம் ஊர்க் கூட்டுப் பட்டா நிலம் போலத்தான். மூத்தவர் பெயரில் எல்லாம் நடப்பதாகத் தோன்றும். விற்கப் போகும்போதுதான் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனின் கையெழுத்தும் வேண்டும் என்று தெரியவரும்.

மூன்று வரி திருத்தியவருக்கும் உரிமை உண்டா என்று கேட்டால், அதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. ஒரு முழுக் கோப்பை எழுதியவருக்கு உண்டு என்பதில் வாதமே இல்லை. அவர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நம் சட்டப்படி உரிமை அந்த நிறுவனத்துக்குப் போகும். அப்போது கேட்க வேண்டியது அவரை அல்ல, அவருடைய முதலாளியை. அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளை. உரிமத்தை மாற்றுவது என்றால் அதன் பெரும்பகுதி ஆட்களைத் தேடும் வேலைதான்.

ஒரு நல்ல தொடக்கம்

உரிம மாற்றம் என்றாலே சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. இன்று உலகத்தையே தாங்கும் ஒரு மென்பொருள் உரிம மாற்றத்தால்தான் வளர்ந்தது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை முதலில் வெளியிட்டபோது, தானே எழுதிய ஓர் உரிமத்தைச் சேர்த்திருந்தார். இதை யாருக்கும் காசுக்குக் கொடுக்கக் கூடாது, நகலெடுக்கும் கூலிகூட வாங்கக் கூடாது என்றது அது. கேட்க நல்லெண்ணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மென்பொருள் கைமாறியது ஃபிளாப்பி வட்டுகளில். வட்டின் விலையைக்கூட வாங்கக் கூடாது என்றால் யார் நகலெடுத்துக் கொடுப்பார்கள்?

1992 தொடக்கத்தில் 0.12 பதிப்போடு ஜி.பி.எல்.லுக்கு மாறப்போவதாக அவர் அறிவித்தார். அப்போது பங்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மாற்றம் எளிதாக முடிந்தது. இன்று அதே லினக்ஸ் கருநிரலின் உரிமத்தை மாற்ற யாராலும் முடியாது. பல்லாயிரம் பேரின் எழுத்து அதில் இருக்கிறது, யாருடைய உரிமையையும் எந்த நிறுவனமும் எழுதி வாங்கவில்லை. 2007இல் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தபோது டோர்வால்ட்ஸ் அதை விரும்பவில்லை. விரும்பியிருந்தாலும் அவரால் தனியாக மாற்றியிருக்க முடியாது.

இதை ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். நான் பலம் என்கிறேன். ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான நிறுவனங்கள் ஒரே கருநிரலுக்குத் தங்கள் பொறியாளர்களைக் கொடுக்கின்றன. எவர் கையிலும் அதைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் இல்லை என்ற உறுதி அவற்றுக்கு இருப்பது அதற்கு முக்கியமான காரணம்.

வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள்

அடுத்து வி.எல்.சி. ஆரஞ்சு நிறக் கூம்புச் சின்னம் கொண்ட அந்த வீடியோ இயக்கி நம் வீட்டுக் கணினிகளில் எல்லாம் இருக்கிறது. 1996இல் பிரான்சில் எகோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. 2001இல் ஜி.பி.எல். உரிமத்தில் உலகுக்குத் திறக்கப்பட்டது. 2010இல் ஐபோனுக்கான வடிவம் ஆப்பிள் கடையில் வந்தது. திட்டத்தின் முக்கியப் பங்களிப்பாளர்களில் ஒருவரான ரெமி தெனி-கூர்மோன் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். கடையின் நிபந்தனைகள் பயனாளருக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கின்றன, ஜி.பி.எல். அதை அனுமதிப்பதில்லை என்பது அவர் வாதம். 2011 ஜனவரியில் ஆப்பிள் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

ஒருவருடைய உரிமைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அன்று எல்லோரும் கண்டார்கள். திட்டத்தை நடத்தியவர்களுக்கு வேறு நெருக்கடியும் இருந்தது. அதே வேலையைச் செய்யும் பிற நிரல் தொகுதிகள் எல்.ஜி.பி.எல். என்ற இளகிய உரிமத்தில் கிடைத்தன. வி.எல்.சி.யின் இயந்திரத்தைத் தங்கள் செயலிகளுக்குள் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஜி.பி.எல்.லைப் பார்த்துத் தயங்கி, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகவே எல்.ஜி.பி.எல்.லுக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள். ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் முன்னின்று அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அதன் அளவை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, அதன் வரலாற்றில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் ஒரு கல்லூரி முகவரியிலிருந்து ஒரு திருத்தம் அனுப்பியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். அந்த மின்னஞ்சல் என்றோ செத்திருக்கும். புனைபெயரில் எழுதியவரின் உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தபின் ஏன் மாற்றுகிறோம் என்று விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கானோர். 2011 டிசம்பரில் இயந்திரப் பகுதி மாறியது. 2012 நவம்பரில் பெரும்பாலான இயக்கத் தொகுதிகளும் மாறின. சில தொகுதிகள் பழைய ஜி.பி.எல்.லிலேயே நின்றுவிட்டன. சம்மதம் கிடைக்காத இடத்தில் கிடைத்ததாகப் பாவித்து அவர்கள் தாண்டிப் போகவில்லை. 2013 ஜூலையில் ஐபோன் வடிவம் கடைக்குத் திரும்பியது.

இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது, இதற்குப் பிறகு அந்தத் திட்டம் இரண்டாக உடையவில்லை என்பதே. ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள், தீவிரமாக விவாதித்தார்கள். ஆனால் எங்களைக் கேட்கவே இல்லை என்று எவரும் சொல்ல முடியவில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்னும் ஒரு படி மேலே போனது. 2004இல் தொடங்கிய இந்த உலக வரைபடம் முதலில் படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமம் ஒன்றில் இருந்தது. அது எழுத்து, படம் போன்ற படைப்புகளுக்கு ஏற்றது. தெருக்களும் கட்டடங்களும் அடங்கிய தரவுத் தொகுப்புக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் தரவுத்தளங்களுக்கென்றே எழுதிய ஓ.டி.பி.எல். உரிமத்துக்கு மாற முடிவு செய்தார்கள். வரைந்த ஒவ்வொருவரையும் சம்மதமா என்று கேட்டார்கள். மறுத்தவர்களும் இருந்தார்கள், பதிலே சொல்லாதவர்களும் இருந்தார்கள். 2012 ஜூலையில் அவர்கள் வரைந்த பகுதிகளை வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் இழப்பு அதிகம். அங்கே உள்ளவர்கள் அந்தச் சாலைகளை மறுபடியும் வரைந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது.

நன்றாக இருக்கும் வரைபடத்தை எவனாவது அழிப்பானா என்று கேட்கலாம். அழித்தார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக அழித்தார்கள். மறுக்க இடம் கொடுக்காமல் கேட்பது கேட்பதே ஆகாது.

மௌனம் சம்மதமா?

இங்கேதான் ஓப்பன்எஸ்எஸ்எல் கதையைச் சொல்ல வேண்டும். வங்கித் தளத்துக்குப் போகும்போது சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் தெரிகிறதல்லவா, அந்த வகைப் பாதுகாப்பை உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் செய்து தருவது இந்தத் தொகுதி. இதன் பழைய உரிமத்தில் ஒரு விளம்பர நிபந்தனை இருந்தது. இதைப் பயன்படுத்தும் பொருளை விளம்பரம் செய்தால் இன்னார் எழுதியது என்று குறிப்பிட வேண்டும் என்றது அது. ஜி.பி.எல். நிரல்களோடு சேர்க்க அது இடைஞ்சலாக இருந்தது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்ட பிறகு, திட்டத்தைச் சீரமைக்கும் வேலைகளில் ஒன்றாக அப்பாச்சி உரிமத்துக்கு மாறத் தீர்மானித்தார்கள்.

2017 மார்ச்சில் ஏறக்குறைய 400 பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போனது. இதுவரை எல்லாம் சரி. ஆனால், உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்ற பொருளில் அந்த மடலில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தின் தியோ டி ராட் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். மடல் குப்பைக் கூடைக்குப் போயிருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், ஆளே இல்லாமல் போயிருக்கலாம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில்கூட இப்போது செல்லாது. பதிப்புரிமையில் எப்படிச் செல்லும்?

திட்டக் குழுவினர் அந்த வரியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்தவர்களின் நிரலைத் தேடி எடுத்து, நீக்க வேண்டியதை நீக்கினார்கள், திரும்ப எழுத வேண்டியதை எழுதினார்கள். புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில். மின்னஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

முன்கூட்டியே கேட்டுவைப்பது இன்னொரு வழி. விக்கிப்பீடியா அப்படித்தான் தப்பித்தது. 2003இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியாவும் இந்தக் கதைக்குள் வருகிறது. அன்று எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதிய ஜி.எஃப்.டி.எல். உரிமத்தில் இருந்தன. அதன்படி நகல் கொடுப்பவர் உரிமத்தின் முழு வாசகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நெல்லிக்காய் பற்றிய ஒன்றரைப் பக்கக் கட்டுரையை அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுக்க நினைக்கும் ஆசிரியர், கூடவே பல பக்கச் சட்ட வாசகத்தையும் அச்சடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இது ஒத்துவராது.

லட்சக்கணக்கானோர் எழுதிய கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொருவரையும் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் எழுதிய அத்தனை பேரும் முதல் நாளே இந்த உரிமம் அல்லது இதன் பிந்தைய பதிப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த உரிமத்தைப் பராமரிக்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் 1.3 பதிப்பை வெளியிட்டு, விக்கிகள் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் படைப்பாக்கப் பொதுமங்களின் பகிர்வு உரிமத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று வாசல் திறந்தது. சட்டப்படி அதுவே போதும். இருந்தாலும் 2009இல் பயனர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினார்கள். நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்த பிறகே அந்த ஆண்டு ஜூனில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கேட்கச் சொல்லாத இடத்திலும் கேட்டார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேட்காமல் மாற்றியவர்கள்

இப்போது மறுபக்கம். ரெடிஸை எடுத்துக்கொள்கிறேன். தரவுகளைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு நொடிப்பொழுதில் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். உங்கள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அடுத்த சில நிமிடங்களுக்கு நினைவில் வைத்திருக்க வேண்டுமா, இதுபோன்ற ஒன்றைத்தான் பயன்படுத்துவார்கள். இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் இதை எழுதி பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிட்டார். பின்னால் ஒரு நிறுவனம் அதைச் சுற்றி வளர்ந்தது. 2018இல் அந்த நிறுவனம் சில துணைத் தொகுதிகளின் உரிமத்தை மட்டும் இறுக்கியது. அப்போது, மையமான ரெடிஸ் என்றும் பி.எஸ்.டி.யிலேயே இருக்கும் என்று உறுதி சொன்னது. 2020இல் சான்ஃபிலிப்போ பொறுப்பிலிருந்து விலகினார். அமேசான், அலிபாபா பொறியாளர்களும் இடம்பெற்ற மையக் குழு திட்டத்தை நடத்தியது. அதாவது வெளியாட்களின் உழைப்பும் தாராளமாக அதில் சேர்ந்தது.

2024 மார்ச் 20 அன்று, அடுத்த பதிப்பான 7.4 முதல் பி.எஸ்.டி. கிடையாது, இரண்டு கட்டுப்பாடான உரிமங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சட்டப்படி இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பி.எஸ்.டி. அவ்வளவு இளகிய உரிமம். பழைய நிரலுக்குரிய பெயர்க்குறிப்பை வைத்துக்கொண்டு புதிய பதிப்பை வேறு நிபந்தனைகளில் வெளியிட அது இடம் கொடுக்கிறது. ஆனால் மையக் குழுவில் இருந்தவர்களுக்கே அது நெஞ்சில் அடித்தது போல ஆயிற்று. எட்டே நாளில், மார்ச் 28 அன்று, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற புதிய கிளை அறிவிக்கப்பட்டது. கடைசி பி.எஸ்.டி. பதிப்பான 7.2.4இலிருந்து அது கிளம்பியது. அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன் என்று பெரிய நிறுவனங்கள் பின்னால் நின்றன.

ரெடிஸ் நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். அவர்கள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து நிரல் எழுதுகிறார்கள். பெரும் கிளவுட் நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்து வாடகைச் சேவையாக விற்றுக் காசு பார்க்கின்றன. மூல நிறுவனத்துக்கு வரும் பங்கு மிகக் குறைவு. இந்த ஆதங்கம் பொய் இல்லை. மோங்கோடிபி நிறுவனம் இதே காரணத்துக்காகத்தான் 2018 அக்டோபரில் எஸ்.எஸ்.பி.எல். என்ற புதிய உரிமத்தை எழுதியது. இதைச் சேவையாக விற்றால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் மேலாண்மை, கண்காணிப்பு, காப்புப்பிரதி நிரல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்றது அது. எவராலும் நடைமுறையில் நிறைவேற்ற முடியாத அளவுக்கு அகலமான நிபந்தனை. திறந்த மூல முனைப்பு அமைப்பு இதைத் திறந்த மூல உரிமமாக ஏற்கவில்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் மோங்கோடிபியை விட்டுவிட்டன.

ஆதங்கம் உண்மையானது என்பதற்காக, தீர்வும் சரியாகிவிடாது. கிளவுட் நிறுவனத்தின் மீதுள்ள கோபம் போய் விழுந்த இடம் எது? இரவில் கண்விழித்துப் பிழை திருத்திக் கொடுத்த தனி ஆட்கள்மேல் விழுந்தது. அவர்கள் பி.எஸ்.டி. என்று நம்பிக் கொடுத்த உழைப்பு, இனி பி.எஸ்.டி.யில் வராத பொருளுக்கு அடித்தளமாகிவிட்டது. எலாஸ்டிக்சர்ச் கதையும் ஏறக்குறைய இதே. அதை நடத்தும் எலாஸ்டிக் நிறுவனம், உரிமத்தை மாற்றவே மாட்டோம் என்று 2018இல் சொன்னது, 2021 ஜனவரியில் மாற்றியது. அமேசான் ஓப்பன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 10 அன்று டெராஃபார்மின் உரிமத்தை மாற்ற, அடுத்த மாதமே அதன் கிளையான ஓப்பன்டோஃபு லினக்ஸ் அறக்கட்டளைக்குள் வந்துவிட்டது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் நிறுவனம் ஏ.ஜி.பி.எல். என்ற உண்மையான திறந்த மூல உரிமத்தையும் சேர்த்தது. சான்ஃபிலிப்போ ரெடிஸுக்குத் திரும்பி வந்து ஏ.ஜி.பி.எல்.லுக்காக வாதாடினார். 2025 மே மாதம் ரெடிஸ் 8 பதிப்பு அந்த உரிமத்திலும் கிடைத்தது. ஏ.ஜி.பி.எல். ஒன்றும் புதிதல்ல. இணைய வழியாகச் சேவை தருபவரும், தான் திருத்திய மூலநிரலைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் அந்த உரிமத்தின் இன்றைய பதிப்பு 2007இலிருந்தே இருக்கிறது. முதலிலேயே பங்களிப்பாளர்களை உட்காரவைத்து, எங்களுக்கு இந்த நெருக்கடி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால், இதே முடிவுக்கு உடைப்பு இல்லாமல் வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு இருந்தது என்றே நான் நம்புகிறேன். இப்போது உரிமம் பாதி திரும்பிவிட்டது. வால்கீக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பின் உரிமத்தை இந்த நிறுவனங்கள் எவையும் பறிக்கவில்லை. பறிக்கவும் முடியாது. மாற்றம் அடுத்த பதிப்புக்கு மட்டும்தான். வால்கீயும் ஓப்பன்டோஃபுவும் பிறக்க முடிந்தது அதனால்தான். நல்ல உரிமம் ஒன்றின் கீழ் வெளியான நிரல் பொதுச் சொத்து போல நின்றுவிடுகிறது. ஆனால் கிளை பிரித்து நடத்த ஆளும் பணமும் வேண்டும். அமேசானும் கூகுளும் பின்னால் நிற்காத சின்னத் திட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு ஏட்டளவில்தான் இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு திட்டத்துக்குப் பங்களிக்குமுன் உரிமத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சில திட்டங்கள் முதல் திருத்தத்தை ஏற்குமுன் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து கேட்கும். பொத்தானை அழுத்திவிட்டுப் போகாமல் ஒரு முறை வாசியுங்கள். உங்கள் எழுத்தை எந்த உரிமத்திலும் வெளியிட அந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கிறீர்களா என்பது அதில் இருக்கும். அப்படிக் கொடுப்பது குற்றமில்லை, தெரிந்து கொடுங்கள். லாப நோக்கமற்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பது வேறு, முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்துக்குக் கொடுப்பது வேறு.

நிறுவனமே நடத்தினாலும் வாக்கை எழுத்தில் கட்டலாம். கேடிஇ மேசைச் சூழல் கியூட் என்ற தொகுதியை நம்பி எழுதப்பட்டது. 1998இல் கியூட்டை வைத்திருந்த நிறுவனமும் கேடிஇ ஆட்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். நிறுவனம் கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுத்தினால், அறக்கட்டளை அதை பி.எஸ்.டி. போன்ற உரிமத்தில் வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். அதன்பின் கியூட் நோக்கியாவுக்குப் போனது, டிஜியாவுக்குப் போனது. ஒப்பந்தம் இன்னும் நிற்கிறது. ரெடிஸ் நிறுவனம் வலைப்பதிவில் கொடுத்த வாக்கு ஆறு ஆண்டு தாங்கியது. கையெழுத்திட்ட வாக்கு கால் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

தமிழில் எழுத்துரு, அகராதி, சொற்பிழை திருத்தி, விசைப்பலகை என்று திட்டங்கள் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கும் இந்தச் சூழல் வந்திருக்கிறது. லினக்ஸில் தமிழ் வாசித்தவர்கள் பலர் லோகித் தமிழ் எழுத்துருவில்தான் வாசித்தோம். ரெட் ஹாட் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள் முதலில் ஜி.பி.எல்.லில் இருந்தன. அந்த எழுத்துருவைப் பதித்து ஒரு பி.டி.எஃப். புத்தகம் செய்தால் புத்தகமும் ஜி.பி.எல்.லுக்குள் வந்துவிடுமோ என்ற குழப்பம் இந்த வகை எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. 2011இல் அவை எழுத்துருக்களுக்கென்றே எழுதிய ஓ.எஃப்.எல். உரிமத்துக்கு மாறின. ஆவணம் தனி, எழுத்துரு தனி என்று அந்த உரிமம் தெளிவாகச் சொல்கிறது. யாருடைய சுதந்திரமும் குறையவில்லை, பதிப்பாளர்களின் பயம் போயிற்று. இப்படிப்பட்ட மாற்றத்தை நாம் கைதட்டி வரவேற்க வேண்டும்.

நாளைக்கு நம் திட்டங்களுக்கும் அப்படி ஒரு தேவை வரலாம். அதற்கு இன்றே ஆயத்தம் செய்யுங்கள். கிட் ஷார்ட்லாக் என்ற கட்டளையை ஓட்டினால் யார் எத்தனை முறை பங்களித்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில் எத்தனை பேருடைய முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி மின்னஞ்சலில் பங்களிக்கும் மாணவரிடம் நிலையான முகவரி ஒன்றையும் வாங்கி வையுங்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் அலுவலக அனுமதி உண்டா என்று கேளுங்கள். உரிமக் கோப்பே இல்லாமல் நிரலை வெளியே வைக்காதீர்கள். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை என்றுதான் சட்டம் அதற்குப் பொருள் கொள்ளும். இந்த உரிமம் அல்லது இதன் பிந்தைய பதிப்பு என்று சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தொடங்கும்போதே பேசி முடிவெடுங்கள். மாற்றும் நாள் வந்தால் காரணத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள், போதிய அவகாசம் கொடுங்கள், மறுத்தவரின் நிரலை மரியாதையோடு எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பேரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நேரம் ஆகும்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனால் முகம் தெரியாத ஒருவர், கூலி கேட்காமல், ஓர் உரிமத்தை நம்பித் தன் உழைப்பைக் கொடுத்திருக்கிறார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் திறந்த மூலம் என்ற இந்த முயற்சியே கிடையாது. அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை கேட்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு, சட்டம் இடம் கொடுத்தாலும், அவருடைய உழைப்பின் மீது நிபந்தனையை மாற்றும் தகுதி இல்லை. என் முடிவு இதுதான்.